வலைக்குப் போன மீதி

வேதமாணிக்கம் வாத்தியார் ராயபுரத்துக்குள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நுழைந்தார். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்துநாலாம் வருஷம் ஜனவரி மாதம். அன்றைக்குப் பொத்திய மூக்கை அவர் இரண்டு வருஷமாகியும் முழுசாகத் திறந்தபாடில்லை. அவரைச் சொல்லியும் குற்றமில்லை. கல்மண்டபத்துக்குக் கிழக்கே, மீன்பிடிக் குப்பத்துக்கு நடுவில், கடலைப் பார்த்தபடி ஒரு தகரக் கொட்டகை. ஒரு காலத்தில் கருவாடு அடுக்கிவைத்திருந்த கிடங்கு. அதை ஒழித்துவிட்டு, வாசலில் ஒரு பலகையை மாட்டி, இதுதான் எலிமெண்டரிப் பள்ளிக்கூடம் என்று சொல்லிவிட்டார்கள். கருவாடு போய்விட்டதே தவிர வாசனை போகவில்லை. மழை பெய்தால் சுவரிலிருந்து கிளம்பும். வெயில் அடித்தால் கேட்கவே வேண்டாம்.

வேதமாணிக்கத்துக்குச் சொந்த ஊர் நாசரேத்துப் பக்கம். அப்பா கிறிஸ்தவக் கோயில் உபதேசியார். பாளையங்கோட்டையில் வாத்தியார் பயிற்சி முடித்தபோது கணக்கில் இவர்தான் முதல் மார்க். அந்த முதல் மார்க்கை மனிதர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே திரிந்தார் என்றுதான் சொல்லவேண்டும். பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் அங்கே வந்து நிற்கும். யானைக்கவுனியில் கருப்பட்டி மண்டி வைத்திருந்த மைத்துனர், "பட்டணத்துக்கு வாங்க அத்தான், ஹைஸ்கூல்ல வேலை வாங்கித் தாரேன்" என்று எழுதியதை நம்பி, மனைவி ஞானபாக்கியத்தோடு ரயிலேறி வந்தார். வந்து பார்த்தால் ஹைஸ்கூலும் இல்லை, ஒன்றும் இல்லை. கருவாட்டுக் கிடங்குதான் கிடைத்தது.

குப்பத்துப் பிள்ளைகளை அவருக்குக் கண்டாலே ஆகாது. முதல் நாளே ஒரு பயல், "சார், நீ எந்த ஊரு சார்?" என்று கேட்டுவிட்டான். 'நீ'யாம்! அவர் ஊரில் பிள்ளைகள் வாத்தியாரைப் பார்த்தால் துண்டை இடுப்பில் இறக்கிவிட்டு, "ஐயா வந்தியளா" என்று ஒதுங்கி நிற்கும். இங்கே இதுகள் 'சார்' என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே 'வா, போ, இன்னா' எல்லாவற்றையும் உட்காரவைத்தன. அது அந்த மண்ணின் பேச்சு, அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை என்பது பட்டணத்தில் பிறந்த கழுதைக்குக்கூடத் தெரியும். முதல் மார்க் வாங்கியவருக்கு மட்டும் கடைசிவரை தெரியவில்லை.

"செத்த பயலுவளா, ஒங்களுக்குக் கணக்கு சொல்லிக் குடுக்கதுக்கு ஒரு கல்லுக்குச் சொல்லிக் குடுக்கலாம்லே" என்பார். பிள்ளைகள் சிரிக்கும். அவர் திட்டு அதுகளுக்குப் பாதி புரியாது. புரியாத திட்டுக்கு யார் அழுவார்கள்?

இப்படி இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிய மனிதருக்கு, இருபத்தாறாம் வருஷம் ஜனவரியில் ஒரு கதவு திறந்தது. திருவொற்றியூரில் ஒரு ஹைஸ்கூலில் கணக்கு வாத்தியார் இடம் காலி. அந்தத் தலைமையாசிரியர் இவரை நேரில் கூப்பிட்டு இரண்டு நிபந்தனை சொன்னார். பிப்ரவரியில் இன்ஸ்பெக்டர் குப்பத்துப் பள்ளிக்கு வரும்போது நாலாம் வகுப்புப் பிள்ளைகள் பெரிய எண்களை வகுத்துக் காட்டவேண்டும், இன்ஸ்பெக்டர் நல்லபடி எழுதவேண்டும். இது ஒன்று. இப்போது இருக்கிற பள்ளிக்கூடத்தின் மேனேஜர் தன் கையெழுத்தோடு, 'இவரை அனுப்புவதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை' என்று எழுதிக் கொடுக்கவேண்டும். இது இன்னொன்று. இரண்டும் பிப்ரவரி மாதம் முடிவதற்குள் கைக்கு வரவேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்றார்.

அந்த மேனேஜர் யார் என்று சொல்லவேண்டும். பரசுராமன் என்று பெயர். குப்பத்தில் 'பெரிய வலை' அவருடையது. படகில் கொண்டுபோய்க் கடலில் வளைத்துப் போட்டு, இரண்டு முனையையும் கரையிலிருந்து நாற்பது பேர் கயிறு பிடித்து இழுக்கிற வலை அது. கருவாட்டுக் கிடங்கும் அவருடையதுதான். கிடங்கைப் பள்ளிக்கூடத்துக்கு விட்டதால் அவர் மேனேஜர் ஆகிவிட்டார். கையெழுத்துப் போடத் தெரியும், அதற்கு மேல் எழுத்து என்றால் அவருக்கு ஆகாது. வயிறு முன்னால் வரும், ஆள் பின்னால் வருவார். குப்பமே அவரை யஜமான் என்று கூப்பிட்டது.

சரி, வகுத்தலுக்கு வருவோம். வேதமாணிக்கம் கரும்பலகையில் எழுதினார்: எழுநூற்று முப்பத்திரண்டை ஆறால் வகு. தாம் பாளையங்கோட்டையில் படித்த அதே ராகத்தில் சொன்னார்: "ஏழில் ஆறு ஒரு தரம், மீதி ஒன்று. மூன்றை இறக்கு, பதின்மூன்று. பதின்மூன்றில் ஆறு இரண்டு தரம், மீதி ஒன்று. இரண்டை இறக்கு, பன்னிரண்டு. பன்னிரண்டில் ஆறு இரண்டு தரம். விடை நூற்று இருபத்திரண்டு." பிள்ளைகளும் அதே ராகத்தில் பாடின. பாட்டெல்லாம் பிரமாதம். பலகையை அழித்துவிட்டு, "இப்ப நீங்களே போடுங்க" என்றதும் முப்பத்திரண்டு சிலேட்டிலும் ஒரே விடை வந்தது. நூறு, மீதி நூற்று முப்பத்திரண்டு.

முப்பத்திரண்டு பேரும் ஒரே தப்பைச் செய்வதாவது! பார்த்து எழுதுகிறதுகள் என்று முடிவு கட்டினார். தள்ளித் தள்ளி உட்காரவைத்தார். அப்போதும் நூறு, மீதி நூற்று முப்பத்திரண்டு. ஒவ்வொன்றாக வெளியே மணலில் கொண்டுபோய் உட்காரவைத்துப் போடச் சொன்னார். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அங்கேயும் அதையே எழுதின. எண்ணூற்று நாற்பத்தாறை இரண்டால் வகுக்கச் சொன்னால் நானூற்று இருபத்துமூன்று என்று பட்டென்று சொல்கிற அதே பிள்ளைகள்தான். அதற்கு, "குருட்டு அதிர்ஷ்டம்" என்றார் வேதமாணிக்கம். ஏன் ஒன்று சரியாகவும் ஒன்று தப்பாகவும் வருகிறது என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிப்பதற்கு முதல் மார்க் விடவில்லை. பிரம்பை எடுத்தார்.

பத்து நாள் அடித்தார். வீட்டுக்குப் போனால் ஞானபாக்கியம், "இன்னைக்கும் பிள்ளையளை அடிச்சிட்டுத்தான் வாரியளா?" என்று கேட்பாள்.

"மீன் மண்டைக்குள்ள மூளை இருக்குமாட்டி? அப்படித்தான் இதுகளும்" என்பார்.

"ஒண்ணு போல முப்பத்திரண்டு பேரும் தப்பா சொன்னா, அதுல ஏதோ ஒண்ணு இருக்கும்லா? கேட்டுப் பாத்தியளா?"

அடுப்படியில் நிற்கிறவளுக்கு என்ன தெரியும் என்று அவர் பேப்பரை விரித்துக்கொண்டார். ஆனாலும் அந்தக் கேள்வி முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது. மறுநாள் பூவம்மாவை எழுப்பி நிறுத்தினார்.

பூவம்மாவுக்குப் பத்து வயது. பெரிய வலையில் கயிறு இழுக்கும் லோகநாதனின் மகள். இடது கையால் எழுதுவாள், எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி போடுவாள், அதனால் அடியில் பெரும்பங்கு அவளுக்குத்தான்.

"ஏட்டி, ஏழுல ஆறு போனா மீதி என்ன?"

"ஒண்ணு சார்."

"அந்த ஒண்ண நீ என்ன செஞ்ச?"

"வலைக்கு வுட்டுட்டேன் சார்."

"எந்த வலைக்கு?"

பூவம்மா அவரை ஒரு மாதிரி பார்த்தாள். இதுகூடத் தெரியாமலா ஒரு மனுஷன் இரண்டு வருஷமாகக் குப்பத்துக்கு வந்துபோகிறான் என்கிற பார்வை அது. "பெரிய வலைக்கு சார். ஏழு கூடை கீது, ஆறு கூட்டம் கீது. கூட்டத்துக்கு ஒரு கூடை குடுத்துட்டா ஒரு கூடை நின்னுபூடும். கூடைய ஒடைக்க மாட்டாங்க சார். அது வலைக்கு. அப்பால மூணு கோர்வை. ஆறு கூட்டத்துக்கு மூணு கோர்வை எப்டி சார் பத்தும்? அதுவும் வலைக்கு. ரெண்டு உதிரி மீன் கீது. அதுவும் வலைக்கு."

மற்ற முப்பத்தொரு தலைகளும் ஆமாம் ஆமாம் என்று ஆடின.

பெரிய வலையில் பங்கு வைக்கிற முறை அது. கானாங்கெளுத்தி மாதிரி எண்ணுகிற மீன் என்றால், பத்து மீனைச் செவுளில் நார் கோத்துக் கட்டினால் ஒரு கோர்வை. பத்துக் கோர்வை ஒரு கூடை. பத்துக் கூடை ஒரு வண்டி. பிடித்ததில் பாதியை முதலிலேயே பரசுராமன் எடுத்துக்கொள்வார். வலை அவருடையது, படகு அவருடையது, அது நியாயம்தான். மிச்சப் பாதியைக் கயிறு இழுத்த ஆறு கூட்டமும் பங்கு போட்டுக்கொள்ளும். கூடை கூடையாகக் கொடுத்து, கோர்வை கோர்வையாகக் கொடுத்து, உதிரி உதிரியாகக் கொடுத்து, ஒவ்வொரு தடவையும் பங்குக்குப் பத்தாமல் நிற்பதை அப்படியே வலைக்கு விட்டுவிடுவார்கள். வலைக்கு என்றால் பரசுராமனுக்கு. நின்ற கூடையைப் பிரிக்கிற வழக்கம் மட்டும் கிடையாது.

வேதமாணிக்கத்தின் கையில் பிரம்பு அப்படியே நின்றுவிட்டது. மீதி ஒன்று, மீதி ஒன்று என்று இத்தனை வருஷம் தாம் பாடிக்கொண்டிருந்த அந்த ஒன்று உண்மையில் ஒரு நூறு என்பதும், மூன்றை இறக்கு என்றால் அந்த நூறைப் பத்துப் பத்தாகப் பிரித்து மூன்றோடு சேர் என்று பொருள் என்பதும் அப்போதுதான் அவருக்கே உறைத்தது. பாளையங்கோட்டையில் முதல் மார்க்! கருவாட்டுக் கிடங்கில் நின்று ஒரு பொடிசு சொல்லித்தான் அவருக்கு வகுத்தல் தெரிந்தது. இதை அவர் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை என்று தனியாகச் சொல்லவேண்டுமா?

பிள்ளைகள் மேல் இரக்கம் வந்ததா என்று கேட்டால், வரவில்லை. வந்தது இளக்காரம்தான். எழுநூற்று முப்பத்திரண்டு மீனில் கயிறு இழுத்து உள்ளங்கை கிழிந்த கூட்டத்துக்கு நூறு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றவனுக்கு நூற்று முப்பத்திரண்டு. இது கண்ணுக்கு முன்னால் நடக்கிறது, தாத்தன் காலத்திலிருந்து நடக்கிறது, ஒருத்தனுக்கும் தெரியவில்லை. இந்த மாதிரி மடையர்கள் உலகத்தில் எங்கேயாவது உண்டா என்று சிரித்துக்கொண்டார். ஆனால் ஒன்று. எங்கே ஓட்டை என்று தெரிந்துவிட்டதால் அடைக்கவும் வழி தெரிந்துவிட்டது. திருவொற்றியூர் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது.

கரையில் பொறுக்கிய கிளிஞ்சல்களைக் கொண்டுவரச் சொன்னார். பத்துப் பத்தாக நூலில் கோக்கவைத்தார். பத்துக் கோர்வைக்கு ஒரு கூடை என்று ஏழு கூடை, தனியாக மூன்று கோர்வை, இரண்டு உதிரி. ஆறு பிள்ளைகள் ஆறு கூட்டமாக வரிசையில் நின்றார்கள். ஆளுக்கு ஒரு கூடை போயிற்று. ஒரு கூடை நின்றது.

"இப்ப அந்தக் கூடையைக் கவுத்துங்கலே."

யாரும் கை வைக்கவில்லை. "கூடைய ஒடைக்கக் கூடாது சார். யஜமான் திட்டுவாரு" என்றான் ஒருவன். வெறும் கிளிஞ்சல் கூடை! வேதமாணிக்கம் தலையில் அடித்துக்கொண்டு, செருப்புக் காலாலேயே அதை எத்திக் கவிழ்த்தார். பத்துக் கோர்வை தரையில் விழுந்தது.

"ஏற்கெனவே எத்தனை கோர்வை?"

"மூணு."

"ஆகக்கூடி?"

"பதிமூணு."

"ஆறு கூட்டத்துக்கு?"

ஆளுக்கு இரண்டு கோர்வை போயிற்று. ஒரு கோர்வை நின்றது. இந்தத் தடவை பூவம்மாவே குனிந்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பத்து உதிரி, ஏற்கெனவே இரண்டு, பன்னிரண்டு. ஆளுக்கு இரண்டு. தரை காலியாகிவிட்டது. ஒவ்வொரு பிள்ளையும் தன் முன்னால் கிடந்ததை எண்ணிப் பார்த்தது. ஒரு கூடை, இரண்டு கோர்வை, இரண்டு உதிரி.

"வலைக்கு?" என்று கேட்டது ஒரு குரல்.

"வலைக்கு ஒரு மண்ணும் இல்லை" என்றார் வேதமாணிக்கம்.

எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பி, முப்பத்திரண்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன. என்ன சிரிப்பு வேண்டியிருக்கிறது என்று அதட்டினார். அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

ஒரு நாள் கிளிஞ்சலில் புரிந்ததெல்லாம் மறுநாள் சிலேட்டில் மறந்துபோகும். பழகின கை அல்லவா, எழுதும்போது மீதியை அப்படியே விட்டுவிடும். அதற்கு ஒரு சட்டம் போட்டார். மீதியை வலைக்கு விடுகிறவர்களுக்கு, விட்ட ஒவ்வொரு மீதிக்கும் ஒரு அடி. மூன்று வாரம் சட்டம் தவறாமல் நடந்தது. பூவம்மாவுக்குக் கணக்கு முதலில் புரிந்தது, ஆனால் பத்துப் பத்தாகப் பிரிக்கிறதை மனதிலேயே செய்துவிட்டு எழுதாமல் விடுவாள். அதற்கும் அடிதான். ஒரு நாள் அவளுடைய இடது உள்ளங்கை தடித்து, பலப்பம் பிடிக்க வரவில்லை. வலது கையால் எழுதிக் கோணலாகக் காட்டினாள். விடை சரியாக இருந்தது. கோணலுக்கு ஒரு அடி கொடுத்தார்.

பிப்ரவரி பதினெட்டாம் தேதி இன்ஸ்பெக்டர் வந்தார். தலைப்பாகை, கோட்டு, கையில் தைலம் தெளித்த கைக்குட்டை. உள்ளே நுழைந்ததும் கைக்குட்டை மூக்குக்குப் போனது. 'பெரிய மனுஷன்!' என்று வேதமாணிக்கம் உள்ளுக்குள் நொடித்துக்கொண்டார். தாம் இரண்டு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருப்பது அவருக்கு அப்போது நினைவில்லை. பரசுராமன் ஜரிகைத் துண்டு போர்த்திக்கொண்டு நாற்காலியை நிரப்பியிருந்தார்.

இன்ஸ்பெக்டர் பலகையில் எண்ணாயிரத்து ஐந்நூற்று இருபத்தாறு என்று எழுதி, ஏழால் வகுக்கச் சொன்னார். பூவம்மா எழுந்து போனாள்.

"எட்டு வண்டி கீது சார், ஏழு பேரு. ஆளுக்கு ஒரு வண்டி. மிச்சம் ஒரு வண்டி. அத்த ஒடைச்சா பத்து கூடை, இங்க கீற அஞ்சோட பதினஞ்சு. ஆளுக்கு ரெண்டு கூடை, ஒண்ணு நிக்கிது. அத்த ஒடைச்சா பத்து கோர்வை, இந்த ரெண்டோட பன்னெண்டு. ஆளுக்கு ஒரு கோர்வை, அஞ்சு நிக்கிது. அஞ்சையும் ஒடைச்சா அம்பது, ஆறோட அம்பத்தாறு. ஆளுக்கு எட்டு. ஆயிரத்து எரநூத்தி பதினெட்டு சார். மீதி இல்ல."

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டார். இன்னும் நாலு பிள்ளைகளைக் கேட்டார், நாலும் சரி. சந்தோஷப்பட்டுப் பார்வையாளர் புத்தகத்தில் அரைப் பக்கம் எழுதினார். பரசுராமனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நடந்தது என்ன என்று அவருக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை, தம் பள்ளிக்கூடத்தைப் புகழ்கிறார்கள் என்பது மட்டும் புரிந்தது. போகும்போது, "நீ கேட்ட கடுதாசிய எழுதி வெச்சிகிறேன் வாத்தியாரே. மாசக் கடைசில வந்து வாங்கிக்கோ. உனுக்கு இல்லாத்தா?" என்று தோளில் தட்டினார். அந்தத் தட்டு பட்ட சட்டையை வேதமாணிக்கம் அன்றைக்கே துவைக்கப் போட்டார்.

நாலாம் நாள் காலை. ட்ராமிலிருந்து இறங்கி, குடையை ஊன்றிக்கொண்டு வந்தவர், கரையில் கூட்டத்தைக் கண்டு தூரத்திலேயே நின்றுவிட்டார். கானாங்கெளுத்தி கொள்ளையாகப் பட்டிருந்தது. பரசுராமன் தம் பாதியை ஒதுக்கியாகிவிட்டது. மிச்சம் எட்டுக் கூடை, ஏழு கோர்வை, ஆறு உதிரி. கூட்டத்துக்கு ஒரு கூடை கொடுத்து, நின்ற இரண்டு கூடையைப் பரசுராமனின் ஆட்கள் தூக்கப் போனார்கள். மணி அடிக்கக் காத்திருந்த பிள்ளைகள் சுற்றி நின்றன.

"நைனா! அந்த ரெண்டு கூடையையும் ஒடை!" என்று கத்தினாள் பூவம்மா.

"இன்னாடி சொல்ற?" என்றான் லோகநாதன்.

"ஒடைச்சா இருவது கோர்வை நைனா. ஏழோட இருவத்தேழு. உங்க கூட்டத்துக்கு நூத்தி நாப்பத்தாறு மீன் வரணும். இப்ப நூத்தி பதினொண்ணுதான் வருது. முப்பத்தஞ்சு மீனு யஜமானுக்குப் போவுது!"

"ஒடை! ஒடை!" என்று முப்பத்திரண்டும் கைதட்டிக் கூவின. லோகநாதன் மகளையும் கூடையையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு இரண்டு கூடையையும் மணலில் கவிழ்த்தான். பரசுராமனின் ஆட்கள் பாய்ந்தார்கள், கூட்டங்கள் நடுவே புகுந்தன. ஒரே ரகளை. கடைசியில் ஆறு கூட்டமும் சேர்ந்து ஒரு வார்த்தையாகச் சொல்லிவிட்டன: இனிமேல் மீதியை உடைத்துப் பங்கு வைத்தால்தான் கயிற்றைத் தொடுவோம்.

'சனியன் பிடித்ததுகள்!' என்று வேதமாணிக்கம் குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மாசம் முடிய ஆறு நாள்தான் இருந்தது. கடிதம் இன்னும் கைக்கு வரவில்லை.

மறுநாள் பெரிய வலை கடலுக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. மூன்றாம் நாள் பரசுராமன் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். பின்னாலேயே லோகநாதனும் கயிறு இழுக்கிறவர்களும் வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். பரசுராமன் கத்தவில்லை. மடியிலிருந்து ஒரு மடித்த தாளை எடுத்தார், பிரித்து வாத்தியார் மேஜைமேல் வைத்தார். ஆட்சேபம் இல்லை என்று யாரையோ கொண்டு அழகாக எழுதவைத்திருந்தார். கீழே கையெழுத்து மட்டும் இல்லை.

"வாத்தியாரே, இவனுங்க உன்னாண்ட கேட்டுட்டுத்தான் வேலைக்கு வருவானுங்களாம். நீ படிச்சவன். கூடைய ஒடைக்கிற கணக்கு கரைல செல்லுமா செல்லாதா? உன் வாயால சொல்லிட்டா நான் இத்துல கையெழுத்து போட்டுட்டுப் போறேன்."

லோகநாதன் ஒரு அடி முன்னால் வந்தான். "சொல்லு சார். நீ சொன்னா சரி. எம் பொண்ணு கை வீங்கிகினு வந்தப்போகூட நான் ஒரு வார்த்தை கேக்கல. வாத்தியாரு அடிக்கிறாருன்னா கணக்கு அவ்ளோ நெசம்னு தெரிஞ்சிகினேன்."

வேதமாணிக்கம் தாளைப் பார்த்தார். எண்ணூற்று எழுபத்தாறை ஆறால் வகுத்தால் நூற்று நாற்பத்தாறு. பரசுராமன் தலைகீழாக நின்றாலும் நூற்று நாற்பத்தாறுதான். இது அவருக்குத் தெரியாதா? இந்த ஊரில் அவருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. இந்தக் கருவாட்டு வாசனை, இந்த 'இன்னா', இந்தத் தகரம், இதற்குள்ளேயே கிடந்து சாவதா? யாரோ ஒரு கூட்டத்துடைய முப்பத்தைந்து மீனுக்காகவா? ஒரு தடவை தொண்டையைச் செருமிக்கொண்டு, கோயில் பிரசங்கக் குரலில் ஆரம்பித்தார்.

"வகுத்தல் என்பது புத்தகக் கணக்கு. கரையில் பங்கு வைப்பது வழக்கம். புத்தகத்தில் இருப்பதை வழக்கத்தில் கொண்டுவந்து நுழைக்கக் கூடாது. உடைக்காத கூடை வலைக்குத்தான் சேரும்."

சொல்லிவிட்டார். மனிதர் முகத்தில் ஈயாடவில்லை, ஆனால் வார்த்தை தடுமாறவும் இல்லை. பரசுராமன் பல்லைக் காட்டிக்கொண்டு, மேஜைமேல் கிடந்த பேனாவை மசியில் தொட்டுக் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார். வாசலில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. "வாங்கடா, வலைய எடுப்போம்" என்று யாரோ தணிந்த குரலில் சொல்ல, ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். லோகநாதன் கடைசியாகப் போனான்.

வேதமாணிக்கம் தாளை ஊதிக் காயவைத்தார். நாலாக மடித்தார். அப்போது பூவம்மா பெஞ்சிலிருந்து எழுந்து நின்றாள். அழவில்லை. எதிர்க்கேள்வி கேட்கிற அவளுடைய வழக்கமான குரல்தான்.

"சார், மீதி வலைக்குத்தான்னா, அத்த எழுதினதுக்கு இத்தினி நாளு எங்கள இன்னாத்துக்கு சார் அடிச்சே?"

முப்பத்திரண்டு பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதில் வரும் என்று உண்மையாகவே காத்திருந்தார்கள். மணி அடிக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.